மண்ணிறத்தில் முப்பது வகை

லிப்ஸ்டிக் குழாய்களைப் பெட்டிக்குள் வைக்கும் வேலையில்தான் நானும் அவளும் சந்தித்தோம். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் அழகுசாதனப் பொருட்களைப் பொதிசெய்து அனுப்பும் ஒரு தொழிற்சாலை. ஏஜென்சிக்காரன் எங்களை விடியற்காலையில் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவான். இருவரும் கனடாவுக்கு வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. ஒரே வயது, இரண்டு பேரும் யாழ்ப்பாணம். அதற்குமேல் ஒற்றுமை என்று ஒன்றும் இல்லை. நான் வாய் திறக்காமல் வேலை செய்வேன். அவள் லைன் ஓட ஓடக் கதைத்துக்கொண்டே நிற்பாள். ஆனாலும் அவளுடைய கைதான் என்னுடையதைவிட வேகம்.

சில கிழமைகளில் லிப்ஸ்டிக்குக்குப் பதிலாக முகத்துக்குப் பூசும் பவுண்டேசன் வரும். பால் நிறம், தந்த நிறம், கோதுமை நிறம் என்று கண்ணாடிக் குப்பிகள் எங்கள் முன்னால் ஊர்ந்து போகும். ஒருநாள் ஓய்வு நேரத்தில் அவள், வந்ததிலேயே கருமையான குப்பியை எடுத்தாள். கையுறையைக் கழற்றித் தன் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டுக்கும் கிட்டவும் வரவில்லை.

"இவங்கள் எங்களைக் காணவே இல்லைப் போலை," என்றாள்.

"நாங்கள் என்ன, இந்தக் குப்பியை வாங்கவே போறம்?"

"ஏன் வாங்கமாட்டம்? எங்கடை நிறத்திலை இருந்தால் வாங்குவம்தானே."

எனக்கு அது வெறும் பகிடியாக இருந்தது. அவள் பகிடி விடவில்லை என்பது விளங்கப் பல வருடங்கள் எடுத்தன.

அவளுடைய குடும்பம் அதே ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தது. மேலே கணவன், மகள், தாய். கீழே, நிலத்துக்கடியில் பேஸ்மென்ட் சும்மா கிடந்தது. நான் டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியில் இருந்தேன். விசாவுக்காகக் கொழும்பில் காத்திருந்த காலத்தில் ஒரு பார்லரில் வேலை பழகியிருந்தேன் என்று லைனில் நின்றபோது ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அந்த மாதமே அவள் பேஸ்மென்டில் ஒரு சுழல்கதிரையையும் பெரிய கண்ணாடியையும் வாங்கிப் போட்டாள். நான் புருவம் எடுத்தேன். அவள் ஆட்களைக் கூட்டிவந்தாள். கோயிலில், பலசரக்குக் கடையில், பஸ்ஸில் என்று எங்கே நின்றாலும் அவளுக்கு யாரோடாவது கதை தொடங்கிவிடும். கதை முடியும்போது அந்தப் பெண் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருப்பாள்.

பிறகு கல்யாணங்கள் வந்தன. எங்கள் ஆட்கள் அந்த வேலையைப் 'பொம்பிளை வெளிக்கிடுத்துறது' என்பார்கள். விடியுமுன் போய், மணப்பெண்ணுக்குக் கொண்டை கட்டி, கூறைச்சேலை உடுத்தி, முகத்துக்கு மேக்கப் போட்டு, தாலி ஏறும்வரை பக்கத்தில் நின்று வியர்வை ஒற்றிக்கொண்டிருப்பது. கடைகளில் எங்கள் நிறத்துக்கு ஒன்றும் கிடைக்காததால், நாடகக்காரர்களுக்கு மேக்கப் விற்கும் ஒரு கடையை நகர மையத்தில் தேடிப் பிடித்தோம். கெட்டியான வர்ணம், சிறிய டப்பாக்களில். மண்ணிறத்தோடு கொஞ்சம் செம்மஞ்சள் சேர்த்துத் தட்டில் குழைத்து, பெண்ணின் தாடையோரம் ஒரு கோடு இழுத்துப் பார்ப்போம். கோடு தெரியாமல் மறைந்தால் நிறம் சரி. சரியில்லாவிட்டால் கமரா வெளிச்சத்தில் முகம் சாம்பல் பூத்துப் போகும். அதைப் பிறகு யாராலும் திருத்த முடியாது, ஆயுள் முழுக்கக் கல்யாண அல்பத்தில் கிடக்கும்.

அவளுடைய தாய் பேஸ்மென்ட் படியில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். நல்ல கறுப்பு, அகன்ற கண்கள், கணவன் இறந்த நாளிலிருந்து நெற்றியில் திருநீறு மட்டும். "வாங்கோ அன்ரி, உங்கடை முகத்திலையும் ஒருக்காப் போட்டுப் பாப்பம்," என்று நான் கூப்பிட்டிருக்கிறேன். "எனக்கென்னத்துக்குப் பிள்ளை உது? நீங்கள் முதல் சாப்பிடுங்கோ," என்று எழும்பிப் போய்விடுவார். நாங்கள் இருவரும் அந்த வீட்டில் எத்தனையோ முகங்களில் கை வைத்தோம். அந்த முகம் மட்டும் கடைசிவரை எங்களிடம் வரவில்லை.

நாங்கள் பிரிந்தது ஒரு மணப்பெண்ணால். அந்தப் பெண் ஊரிலிருந்து கல்யாணத்துக்காகவே வந்து இறங்கியவள். மெல்லிய உடம்பு, என் கூட்டாளியின் தாயைப் போலவே கருமையான, மினுமினுத்த தோல். நான் நிறம் குழைத்துத் தாடையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் தாய் அறைக்குள் வந்து எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையா எடுத்துவிடுங்கோ. வீடியோவிலை கறுப்பா விழப்போகுது."

"இந்த நிறந்தான் அன்ரி இவவுக்கு வடிவு," என்றேன். "மாத்தினால் சாம்பலாத் தெரியும்."

அந்த அம்மாவின் முகம் மாறியது. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் என் கூட்டாளி என் கையிலிருந்த பஞ்சை மெதுவாக வாங்கிக்கொண்டாள். "நீங்கள் போய் மற்ற அலுவலைப் பாருங்கோ அன்ரி, நாங்கள் செய்து விடுறம்," என்று அவரை அனுப்பிவிட்டு, வெளிறிய டப்பாவைத் திறந்தாள். முகம், கழுத்து, காது, கைகள் என்று ஓரிடம் விடாமல் பூசினாள். நான் கொண்டை ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்து அழத் தொடங்கினாள். ஆனால் அவள் அழுதது சந்தோஷத்தில். "நான் இப்பிடி இருப்பன் எண்டு நினைச்சுக்கூடப் பாக்கேல்லை அக்கா," என்று என் கூட்டாளியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது காருக்குள் சண்டை.

"அந்தப் பிள்ளை வேறை ஆரோ மாதிரி இருந்தாள்," என்றேன்.

"அவள் கேட்டதும் அதைத்தானே."

"அவள் கேக்கேல்லை. மாமிக்காரி கேட்டவ."

"ஆர் கேட்டால் என்ன? நாளைக்கு அந்தப் படத்தைப் பாத்துப் பத்துப் பேர் வருவினம். உன்ரை நிறத்தைப் பாத்து ஆர் வருவினம்?"

அவள் சொன்னதுதான் நடந்தது. படங்களைப் பார்த்துத்தான் வந்தார்கள். எல்லோரும் அந்தப் பெண்ணைப் போல வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றிரண்டு கல்யாணங்களுக்குச் சேர்ந்து போனோம். பிறகு ஒருநாள் என் சீப்புகளையும் தூரிகைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவளுடைய வீட்டிலிருந்து வந்துவிட்டேன். பெரிய சத்தம் ஒன்றும் போடவில்லை. அவளுடைய தாய் மட்டும் வாசலில் நின்று, "என்ன பிள்ளை, இண்டைக்கு நேரத்தோடை போறாய்?" என்று கேட்டார்.

அதன் பிறகு எங்கள் இருவருக்கும் தனித்தனிக் கடைகள். ஒரே தெருவில், பக்கத்துப் பக்கத்துப் பிளாசாவில். பஸ்ஸில் வருகிறவர்கள் அவளுடைய கடையைத் தாண்டித்தான் என்னிடம் வரவேண்டும். அவள் இலவசமாக மருதோண்டி போட்டால் நான் இலவசமாக நகப்பூச்சுப் போட்டேன். தமிழ்ப் பத்திரிகையில் அவள் அரைப்பக்கம் விளம்பரம் கொடுத்தால், என் விளம்பரத்தை எதிர்ப்பக்கத்தில் போடச் சொல்லுவேன். அவள் கதிரைகளை மாற்றினாள் என்று கேள்விப்பட்டு நானும் மாற்றினேன். பழையவைதான் வசதியாக இருந்தன. வாடிக்கைக்காரர்கள் இரண்டு கடைக்கும் போய்வந்து கதை காவினார்கள். "அவ உங்களைப் பற்றி ஒண்டும் கூடாமல் சொல்லேல்லை," என்று ஒருத்தி தொடங்கினால், கூடாமல் ஏதோ சொல்லியிருக்கிறாள் என்று அர்த்தம்.

இதையெல்லாம் உற்சாகமான காலம் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். எனக்கு நினைவிருப்பது களைப்பு. நூலை ஒரு நுனி பல்லில் கடித்து, மற்றதை விரல்களில் சுற்றிப் புருவம் எடுக்கிற வேலை. முன்பல்லில் நூல் அறுத்த ஒரு பள்ளம் விழுந்தது. விரல் மடிப்புகள் வெடித்து மிளகாய்த்தூள் பட்டால் எரியும். வெள்ளிக்கிழமைகளில் கடைசி ஆளை அனுப்பிவிட்டுத் தரையில் கிடக்கும் மயிரைக் கூட்டும்போது இடுப்பு நிமிராது. யன்னலால் பார்த்தால் அவளுடைய கடையிலும் வெளிச்சம் எரியும். அவளும் கூட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைப்பேன். அவள் நிறுத்தும்வரை நானும் நிறுத்தக்கூடாது என்றுதான் இத்தனை வருடம் ஓடினேனோ தெரியாது.

பிறகு காலம் மாறியது. இங்கே பிறந்த பிள்ளைகள் கல்யாண வயதுக்கு வந்தார்கள். அவர்கள் கையில் தொலைபேசியும், அதற்குள் மேக்கப் போடக் கற்றுக்கொடுக்கும் ஆயிரம் பேரும் இருந்தார்கள். ஒருநாள் ஒரு மணப்பெண் என் கதிரையில் வந்து இருந்து, முதலில் சொன்னதே இதுதான்: "அன்ரி, பிளீஸ், என்னை வெள்ளையாக்கிப் போடாதைங்கோ. ஐ ஜஸ்ட் வோன்ட் டு லுக் லைக் மீ."

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. இந்த ஒரு வசனத்துக்காக எவ்வளவு காலம் காத்திருந்தேன்! இனி என்னுடைய நேரம் என்று நினைத்தேன். அன்று பின்னேரம் கணவரிடம் அதைச் சொன்னபோது அவர் தேத்தண்ணீர் குடித்தபடி, "அப்ப கடையைப் பெரிசாக்குமன்," என்றார். அடுத்த வருடம் பார்ப்போம் என்றேன். நான் களைத்துப் போயிருந்தேன்.

அவள் களைக்கவில்லை. கடையை வேறு ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, மார்க்கம் நகரத்தில் அழகுசாதனம் தயாரித்துக் கொடுக்கும் ஓர் ஆய்வுகூடத்தோடு பேசி, சொந்தமாக ஒரு பவுண்டேசன் வகையைக் கொண்டுவந்தாள். முப்பது நிறங்கள். எல்லாமே மண்ணிறத்தில். கறுவா, பனங்கட்டி, புளி, ஈரமணல் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். இணையத்தில் விற்றாள். எங்கள் பிள்ளைகள் வாங்கினார்கள். பிறகு தமிழர் அல்லாதவர்களும் வாங்கினார்கள். என் கடைக்கு வந்த ஒரு பெண்ணின் பையில் இருந்து அந்தக் குப்பியை எடுத்து என் தாடையோரம் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். பனங்கட்டி. கோடு இருந்த இடமே தெரியவில்லை. ஒரு குறை பிடிக்க வேண்டும் என்று வெளிச்சத்தில் போய் நின்று பார்த்தேன். பிடிக்க முடியவில்லை. நல்ல சாமான்.

அந்தக் காலத்தில்தான் பெண் தொழில்முனைவோருக்கு ஒரு பாராட்டு விழா நடந்தது. ஸ்காபரோவில் ஒரு பெரிய விருந்து மண்டபம். என் வாடிக்கைக்காரி ஒருத்தி ஒரு மேசையையே வாங்கியிருந்தாள். வரச்சொல்லிக் கரைச்சல் கொடுத்ததால் போனேன். காலையில் ஒரு கல்யாணம் செய்துவிட்டு, உடுப்பை மாற்றிக்கொண்டு நேரே வந்திருந்தேன். குதிகால் செருப்பு காலைக் கடித்துக்கொண்டிருந்தது. விருது வாங்க என் பழைய கூட்டாளி மேடையேறினாள். நீலப் பட்டு, அளவான மேக்கப், ஒலிவாங்கியைப் பிடித்த கையில் நடுக்கம் இல்லை.

"நான் இதை ஒரு பேஸ்மென்டிலை துவங்கினனான்," என்றாள். "ஒருநாள் ஒரு பொம்பிளையை வெளிக்கிடுத்தேக்கை, மாப்பிள்ளையின்ரை அம்மா வந்து வெள்ளையாக்கிவிடச் சொன்னவ. நான் சொன்னன், இந்த நிறந்தான் அன்ரி இவவுக்கு வடிவு எண்டு. அண்டைக்கே எனக்குத் தெரியும், நான் என்ன செய்யவேணும் எண்டு."

மண்டபம் கைதட்டியது. என் மேசையில் இருந்தவர்களும் தட்டினார்கள். என் வசனம் ஒரு சொல்லும் பிசகாமல் அவளுடைய வாயிலிருந்து வந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழும்பிக் கத்தியிருக்கலாம் என்று, இதை என்னிடம் கேட்ட பலர் பிறகு சொன்னார்கள். எனக்கு அந்த நேரம் வேண்டியிருந்தது செருப்பைக் கழற்ற ஓர் இடம்.

கழுவறைக்குப் போய், அங்கே கிடந்த சின்ன மெத்தைக் கதிரையில் இருந்து, கால்களைக் குளிர்ந்த தரையில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் உள்ளே வந்தாள். கண்ணாடிக்குள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கிட்டத்தில் அவளுடைய கண்ணுக்குக் கீழே கருவளையம் தெரிந்தது; நன்றாகத்தான் மறைத்திருந்தாள், ஆனால் எனக்குத் தெரியாதா?

"வந்தனியோ?" என்றாள்.

"ஓம்."

"சாப்பிட்டாச்சோ?"

"இன்னும் இல்லை."

"கொத்து ரொட்டி முடியமுதல் போய் எடு," என்று சொல்லிவிட்டுக் கைகழுவிக்கொண்டு போனாள். அவ்வளவுதான்.

பிறகு தொற்றுநோய்க் காலம் வந்தது. முகத்துக்குக் கிட்டப் போவதே குற்றமான நாட்களில் புருவம் எடுப்பவளுக்கு என்ன வேலை? கல்யாணங்கள் கணினித் திரைக்குள் நடந்தன. எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்ததால் உதட்டுக்கு யாரும் ஒன்றும் பூசவில்லை. ஊரடங்கு விட்டு விட்டு வந்தது. ஒரு கட்டத்தில் கடையை மூடி, கட்டடக்காரரிடம் கதவுத் திறப்பைக் கொடுத்துவிட்டு, சுழல்கதிரைகளை ஏற்றிப்போக வந்தவனுக்கு உதவி செய்தேன். அழுகை வரவில்லை. வீட்டுக்குப் போய் நித்திரை கொண்டேன். அப்படி ஒரு நித்திரை எனக்குப் பல வருடங்களாகக் கிடைத்திருக்கவில்லை.

எல்லாம் திரும்பத் திறந்தபோது ஒரு பார்மசியில் அழகுசாதனப் பகுதியில் வேலை கிடைத்தது. கறுப்புச் சட்டை, நெஞ்சில் பெயர்ப்பட்டி. அவளுடைய முப்பது நிறங்களும் அங்கே வந்திருந்தன, கண்மட்டத்துத் தட்டில். அவற்றை அடுக்குவது என் வேலை. யாராவது கேட்டால் நல்லது என்றுதான் சொன்னேன். ஆனால் அதற்குள் பெரிய நிறுவனங்களும் எங்களைக் கண்டுவிட்டன. ஒன்று நாற்பது நிறம் கொண்டுவந்தது, அடுத்தது ஐம்பது. தொலைக்காட்சியில் காட்டினார்கள், பஸ் தரிப்பிடத்தில் ஒட்டினார்கள். அவளுடைய குப்பிகள் கண்மட்டத்திலிருந்து இடுப்புமட்டத்துக்கும் பிறகு அடித்தட்டுக்கும் இறங்கின. ஒரு காலை, அவற்றுக்கு மஞ்சள் தள்ளுபடி ஒட்டிகளை ஒட்டச் சொல்லி மேலாளர் என்னிடம் தந்தார்.

இத்தனை வருடப் போட்டிக்குப் பிறகு அந்த ஒட்டிகளை ஒட்டுவதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷமாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடித்தட்டுக்குக் குனிய முழங்கால் நொந்தது. கறுவா, புளி, ஈரமணல் என்று ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டினேன். அவள் இதை எங்கே இருந்து, என்ன செய்துகொண்டு கேள்விப்படுவாள் என்று யோசித்தேன். கணவனைப் பிரிந்து, நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்விலில் மகளின் புது வீட்டில் தாயோடு இருக்கிறாள் என்று மட்டும் தெரியும்.

அவளுடைய தாய் இறந்த செய்தி எனக்கு வேலையில் கிடைத்தது. உடலைப் பார்வைக்கு வைக்கும் அன்று போகலாம் என்று இருந்தேன். அன்று காலை அவளே தொலைபேசி எடுத்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல் என் காதுக்குள்.

"அம்மா போட்டா," என்றாள்.

"கேள்விப்பட்டனான். பின்னேரம் வாறன்."

"இல்லை, இப்ப வா. அவங்கள் அம்மாவை வேறை ஆரோ மாதிரி ஆக்கி வைச்சிருக்கிறாங்கள். ரோஸ் நிறமா இருக்கிறா. சனம் வரமுதல் மாத்த வேணும்."

"உனக்குச் செய்யத் தெரியும்தானே."

"கை நடுங்குது," என்றாள்.

இரண்டு பஸ் மாறி, உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போனேன். அவள் வாகனத் தரிப்பிடத்தில் குளிருக்குள் நின்றாள், மேலங்கியின் பொத்தான் பூட்டாமல். முகத்தில் ஒரு துளி மேக்கப் இல்லை. தொழிற்சாலை வான் வண்டியில் விடியற்காலையில் நித்திரை தூங்கிக்கொண்டு வந்த நாட்களுக்குப் பிறகு அவளை அப்படி நான் பார்த்ததில்லை. வயது போயிருந்தது. எனக்கும்தான். இருவரும் உள்ளே நடந்தோம்.

தாய் பெட்டிக்குள் சந்தன நிறப் பட்டுச்சேலையில் படுத்திருந்தார். அங்கே வேலை செய்த மனிதர் மரியாதையானவர். எங்களுக்குக் கையுறையும் துடைக்கப் பஞ்சும் தந்துவிட்டு, வேண்டிய நேரத்தை எடுக்கலாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அவரில் பிழை சொல்ல முடியாது. கன்னத்தில் ரோசாப்பூ நிறம், உதட்டில் சிவப்பு, நெற்றி முழுக்க ஊதா கலந்த சாம்பல். அறையின் வெளிச்சமும் ரோஸ். அதற்குள் எங்களுக்குத் தெரிந்த அந்தக் கறுப்பு முகம் எங்கேயோ புதைந்து கிடந்தது.

மெதுவாகத் துடைத்து எடுத்தோம். அவள் தன்னுடைய குப்பிகள் சிலவற்றைக் கொண்டு வந்திருந்தாள். ஒன்றைத் திறந்து தடவினேன். திட்டுத்திட்டாக நின்றது, பரவவில்லை.

"சூடு இல்லை," என்றாள் அவள். "உடம்பிலை சூடு இருந்தால்தான் இது இழுபடும்."

கையுறையைக் கழற்றிவிட்டு, பவுண்டேசனைத் தன் உள்ளங்கையில் விட்டு மற்றக் கையால் மூடிக்கொண்டு நின்றாள். அவளுடைய கை நடுங்கிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் வழிந்தது. நானும் கையுறையைக் கழற்றி என் உள்ளங்கையை நீட்டினேன். அதில் ஊற்றினாள். சூடாகும்வரை நான் வைத்திருப்பேன், அவள் நிறம் பார்ப்பாள், நான் பூசுவேன். ஒரு நிறம் போதவில்லை. நெற்றிக்கு ஒன்று, கன்னத்துக்கு வேறொன்று, கண்மடலுக்கு இரண்டையும் கலந்து. உயிருள்ள முகத்தில் ஒரு மணித்தியாலத்தில் முடிகிற வேலை வெகுநேரம் இழுத்தது.

"அண்டைக்கு விழா மண்டபத்திலை நீ கோவிச்சுக்கொண்டு எழும்பிப் போனனி," என்றாள் திடீரென்று, தாயின் முகத்தைப் பார்த்தபடி.

"கோவிக்கேல்லை. கால் நொந்தது."

"பொய் சொல்லாதை."

"கோவமும் இருந்தது. ஆனால் கால்தான் கூட நொந்தது."

அவள் சிரிக்கவில்லை. "நான் பொய் சொல்லேல்லையடி. எனக்கு அப்பிடித்தான் ஞாபகம். நான்தான் சொன்னன் எண்டு. நீ எழும்பிப் போன பிறகுதான் யோசிச்சன், அப்ப பஞ்சு ஆரின்ரை கையிலை இருந்தது எண்டு."

"என்னண்டு ஞாபகம் வந்தது?"

"வரேல்லை. இப்பவும் வரேல்லை. நீ சொன்னால் நம்புவன்."

சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல அதைவிட நல்ல இடமும் நேரமும் இனி வராது. என் கையில் இருந்த நிறம் ஆறிக்கொண்டிருந்தது. "விடு, இதை முதல் முடிப்பம்," என்றேன். உண்மையாகவே எனக்கு அதுதான் அவசரமாக இருந்தது.

முடித்தபோது அந்த முகம் திரும்பி வந்திருந்தது. முழுவதுமாக இல்லை, மூடிய கண்களுக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்? ஆனால் பார்த்தவுடன் அன்ரி என்று சொல்லலாம். அவள் பையிலிருந்து ஒரு சிறிய டப்பியை எடுத்தாள். குங்குமம்.

"வைக்கட்டோ?"

"சனம் கதைக்கும்."

"தெரியும். அப்பா இருக்கேக்கை எவ்வளவு பெரிய பொட்டு வைப்பா தெரியுமோ? எனக்கு அம்மாவை அப்பிடித்தான் ஞாபகம்."

"வை," என்றேன்.

வைத்தாள். அப்போது மட்டும் அவளுடைய விரல் நடுங்கவில்லை. பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு, சத்தமாக, சின்னப் பிள்ளை அழுவதுபோல அழுதாள். நான் குப்பிகளின் மூடிகளைப் பூட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

பின்னேரம் சனம் வரிசையில் வந்தது. நித்திரை கொள்கிறவரைப் போல இருக்கிறார் என்று பலர் சொல்லிக்கொண்டு போனார்கள். ஓர் உறவுக்காரப் பெண் பெட்டிக்குக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "இதென்ன பிள்ளை, புருசன் இல்லாதவவுக்குப் பொட்டு?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். அவள் தலையைக் கூட நிமிர்த்தவில்லை. "அது என்ரை அம்மா அன்ரி. நான்தான் வைச்சனான். அங்காலை இருங்கோ," என்றாள். நான் பின்வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கண்கள் தாமாகவே மூடிக்கொண்டு வந்தன.

முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்து அவள் திரும்பத் தொலைபேசி எடுத்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஒண்டு யோசிச்சனான்," என்றாள். "எங்கடை சனத்துக்கு வயசு போட்டுது. கிழமைக்குக் கிழமை ஆரோ ஒராள் போகினம். ஒருத்தருக்கும் சரியான நிறம் போட ஆளில்லை. நீயும் நானும் செய்வம்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தாய் போன துக்கம் ஆறும் முன்னரே வியாபாரம் யோசிக்கிறாள் என்று வேறு யாரும் சொல்லக்கூடும். அவளைத் தெரிந்தவளுக்கு அது அப்படித் தோன்றாது. தொழிற்சாலையில் குப்பியை மணிக்கட்டில் பிடித்துப் பார்த்தவள் அவள். இல்லாததைக் கண்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

"நான் வரேல்லை," என்றேன். "எனக்கு இவ்வளவு காலம் செய்தது காணும்."

"என்ன காணும்? உனக்கு என்ன வயசு?"

"உன்ரை வயசுதான். எனக்குக் காணும்."

அவள் வற்புறுத்தவில்லை. தனியாகத் தொடங்கினாள். மார்க்கம் நகரத்தில் குப்பிகள் வைத்திருந்த களஞ்சியத்தை மூடிவிட்டு, மிஞ்சிய குப்பிகளை மகளின் கராஜுக்குள் அடுக்கி வைத்திருக்கிறாள். இப்போது மலர்ச்சாலைகளில் அவளைத் தெரியும். பலசரக்குக் கடையின் அறிவித்தல் பலகையில் அவளுடைய அட்டையைக் கண்டேன். வேலைக்கு ஒருத்தியைப் பழக்குகிறாளாம். நான் பார்மசியில்தான். அவளுக்குப் போட்டியாக இனி நான் ஒன்றும் திறக்கப்போவதில்லை. அது அவளுக்கும் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது என்றுகூட எனக்குச் சில வேளை தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தொலைபேசி எடுப்பாள். நான் சுடுதண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு, தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஸ்ரௌவ்விலில் கார் இல்லாமல் ஒரு பால் வாங்கவும் ஏலாது என்பாள். மகள் கதைக்க நேரமில்லாமல் ஓடுகிறாள் என்பாள். அந்தக் கிழமை தான் பார்த்த முகத்தைப் பற்றிச் சொல்லுவாள். எந்த நிறத்தை எதோடு கலந்தாள், எங்கே பிழைத்தது என்று. நான் அதிகம் சொல்வதில்லை. செம்மஞ்சள் கூடிப்போச்சு என்றோ, ஓம் என்றோ. "சரி, வைக்கட்டோ?" என்று கேட்பாள். வை என்பேன். அதன் பிறகும் அவள் கதைத்துக்கொண்டிருப்பாள், தண்ணீர் ஆறும்வரைக்கும்.